வண்டியின் வயரைக் கடிக்கும் காட்டு முயல்கள்: எது பலித்தது, எது பலிக்கவில்லை

கார் வயரை எலி கடித்துவிட்டது என்றால் எல்லோரும் நம்புவார்கள். முயல் என்றால் மெக்கானிக்கே ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். திறந்தவெளியில், புல்லும் புதரும் ஒட்டிய இடத்தில் வண்டி நிறுத்துபவர்களுக்கு இது உண்மையான தொல்லை. பல ஆண்டுகளாக இந்தத் தொல்லையோடு மல்லுக்கட்டி, கடையில் கிடைக்கும் தடுப்புப் பொருள்களில் பெரும்பாலானவற்றை வாங்கிப் பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியைச் சுற்றிப் போட்ட கம்பிவலைத் தடுப்பும், பக்கத்துப் புதரை வெட்டி வெளியாக்கியதும் பலித்தன. மிளகாய்க் காரம் ஏற்றிய டேப் துணைக்கு நல்லது. தெளிப்பான்கள் மழை வரும் வரைதான். ஒலி எழுப்பும் கருவிகள் பணத்துக்குக் கேடு.

கடித்தது முயல்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் எலிக்கான வைத்தியம் முயலுக்கு ஆகாது. முயல் கடித்த வயரின் முனையைக் கையில் எடுத்துப் பார்த்தால் சாய்வாக, கத்தியால் சீவியது போன்ற வெட்டு தெரியும்; உள்ளே செம்பு இழைகள் ஒரே மட்டத்தில் பளபளக்கும். எலி கடித்ததில் உறை துருவித் துருவி உரிந்து, சிறு பல் வரிகளோடு இருக்கும். புழுக்கையும் சொல்லிவிடும்: முயலுடையது உருண்டையாக, பட்டாணியைவிடச் சற்றுச் சிறியதாக, உடைத்தால் உள்ளே புல் நாரோடு இருக்கும். எலியுடையது அரிசி வடிவம். கடி பட்ட உயரத்தையும் கவனியுங்கள். எலி ஏறும், எஞ்சினின் மேல்புறம் வரை போகும். முயல் தரையில் நின்றபடியோ, பின்னங்காலில் எழுந்தோ எட்டும் இடத்தைத்தான் கடிக்கும். எஞ்சினின் மேல்மட்டத்தில் கூடும் கடித்த தாளும் கிடந்தால், அது வேறு விருந்தாளி.

இன்னும் சந்தேகம் இருந்தால் மாலையில் வண்டிக்கு அடியிலும் ஓரத்திலும் மெல்லிய மணலைத் தூவி வையுங்கள். காலையில் தடம் பதிந்திருக்கும். முயல் தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி விழும். எனவே போகும் திசையில் முன்னால் இரண்டு நீளத் தடங்கள் பக்கம் பக்கமாகவும், அவற்றின் பின்னால் இரண்டு சிறிய தடங்கள் ஏறக்குறைய ஒன்றன்பின் ஒன்றாகவும் தெரியும். ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை குழம்ப மாட்டார்கள். எந்தப் பக்கமாக வந்து எந்தப் பக்கமாகப் போகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். தடுப்பைத் திட்டமிட எனக்கு அதுதான் பெரிதும் உதவியது.

என் வண்டியில் அடிக்கடி போனது சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரின் வயர். அது சக்கரக் குடத்திலிருந்து வெளியே தொங்கி மேலே போவதால் முயலின் வாய்க்கு நேராக இருக்கிறது. அது அறுந்தால் டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரியும். வண்டி ஓடும், சாதாரண பிரேக்கும் பிடிக்கும்; ஆனால் வழுக்கும் சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி இருக்காது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரின் வயர், பம்பரின் கீழ் போகும் வயர்கள், பின்னால் டிரெய்லர் இணைக்கும் பிளக்கின் வயர் ஆகியவையும் தப்புவதில்லை.

பழுது பார்ப்பதில் நான் விட்டுக்கொடுக்காத சில விஷயங்கள் உண்டு. அறுந்த முனைகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவது தற்காலிகத்துக்குக் கூட வேண்டாம். வண்டியின் அடியில் தண்ணீர் படும், செம்பு பச்சை பூத்துச் சில மாதங்களில் மறுபடி விளக்கு எரியும். இணைப்பை அழுத்திப் பொருத்தி, சூட்டில் சுருங்கும் பசையுள்ள உறையைப் போடச் சொல்லுங்கள். சென்சாரோடு சேர்ந்து வரும் வயரானால் முழுவதையும் மாற்றிவிடுவது உத்தமம். மஞ்சள் உறை போட்ட வயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிறத்தில் இருப்பவை உயர் மின்னழுத்த கேபிள்கள். அவற்றில் பல் தடம் தெரிந்தால் நீங்களே தொட வேண்டாம், வண்டியைக் கிளப்பவும் வேண்டாம். பிரேக் குழாய்களையும் அதே நேரத்தில் விளக்கடித்துப் பார்த்துவிட வேண்டும். வயர் போனால் விளக்கு எரியும். ரப்பர் குழாயில் விழுந்த பல்லுக்கு எந்த விளக்கும் எரியாது.

ஏன் கடிக்கிறது? முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. மேல்தாடையில் பெரிய வெட்டுப்பற்களுக்குப் பின்னால் இன்னொரு சிறிய இணையும் உண்டு. அதனால் கொறிப்பது அதன் இயல்பு. வயர் உறையில் சோயா கலப்பதால்தான் விலங்குகள் கடிக்கின்றன என்று அமெரிக்காவில் கார் நிறுவனங்கள் மீது வழக்குகளே தொடுக்கப்பட்டன. எனக்கு அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை. என் வண்டியின் கீழே கடித்த உறைத் துணுக்குகள் தின்னப்படாமல் அப்படியே கிடக்கும். பசிக்குக் கடித்திருந்தால் அவை மிஞ்சியிருக்காது. தன் பாதையில் குறுக்கிடும் மெல்லிய வேர்களை முயல் வெட்டிப் போடும் என்று முயல் வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். தொங்கும் வயரும் அதன் கண்ணுக்கு அப்படி ஒரு வேர்தான் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அது வண்டியின் கீழே வருவது வயருக்காக அல்ல. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் என் செலவு குறைந்தது. வெட்டவெளியில் மேயும் முயலுக்கு வானத்திலிருந்து பருந்து, இரவில் ஆந்தை, தரையில் நரியும் நாயும். நிறுத்திய வண்டி அதற்கு ஒரு கூரை. மழை நனைக்காது, குளிர்நாளில் எஞ்சின் சூடும் சற்று நேரம் இருக்கும். வந்து பதுங்கிய இடத்தில் வாய் சும்மா இருக்காமல் வயரைக் கடிக்கிறது. ஆகவே வயரின் ருசியைக் கெடுப்பதில் காசைக் கொட்டுவதைவிட அந்த மறைவிடத்தைக் கிடைக்காமல் செய்வதே சரியான வழி.

2013-இல் அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தில் பயணிகள் விட்டுப்போன கார்களின் வயர்களை முயல்கள் கடித்துத் தள்ளியது செய்தியானது. மாதத்துக்குக் குறைந்தது 100 முயல்களையாவது வேளாண் துறையின் வனவிலங்குப் பிரிவினர் அகற்றியதாகச் செய்திகள் வந்தன. அப்படியும் தொல்லை ஓயாததால் வேலி போட்டார்கள், கழுகும் பருந்தும் வந்து அமர உயரமான கம்பங்களை நட்டார்கள். பிடித்துக்கொண்டு போவதால் மட்டும் தீராது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. முயல் ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஈன்றுவிடும். ஓர் ஆண்டில் பல ஈற்று. காலியான இடத்தை அடுத்த தலைமுறை நிரப்பிவிடும்.

இனி ஒவ்வொன்றாக.

மிளகாய், புதினா எண்ணெய்த் தெளிப்பான்கள்: தெளித்த அன்று வாசனை தூக்கலாக இருக்கும். சில நாள் முயல் ஒதுங்கியதைத் தடத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு மழையோ, ஈரச் சாலையில் ஒரு பயணமோ போதும், எல்லாம் கழுவிப் போய்விடும். வாராவாரம் தரையில் படுத்துத் தெளிக்க உடம்பு ஒத்துழைப்பவர்களுக்கு மட்டும் இது சரிப்படும். நரி, ஓநாய் வகை விலங்குகளின் சிறுநீர் என்று புட்டியில் விற்பதும் இப்படித்தான். டென்வரில் மெக்கானிக்குகள் இதைத்தான் பரிந்துரைத்தார்கள். பயம் காட்டுவது உண்மை. ஆனால் வாசனை மட்டும் இருந்து விலங்கு வராவிட்டால் முயல் விரைவில் தேறிவிடுகிறது. நாற்றமோ காற்றோட்டத் துளை வழியாக வண்டிக்குள்ளும் வந்துவிடுகிறது.

காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவிகள்: வேண்டாம். பொருத்திய சில நாளிலேயே கருவிக்கு நேர் கீழே புழுக்கை கிடந்தது. இவ்வகைக் கருவிகளைப் பற்றிய விளம்பரங்களுக்கு ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2001-லேயே 60-க்கும் மேற்பட்ட உற்பத்தியாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதன் பிறகும் கடை கடையாக விற்கிறார்கள் என்பது கோபம் வரவழைக்கும் விஷயம்.

அசைவு தெரிந்தால் எரியும் விளக்கு சில வாரம் உதவியது, பிறகு முயலுக்குப் பழகிவிட்டது. பானெட்டைத் திறந்து வைக்கும் உபாயம் எஞ்சினுக்குள் கூடு கட்டும் எலிக்கு உரியது; கீழே நிற்கும் முயலுக்கு அதனால் எந்த இடையூறும் இல்லை. அந்துருண்டை போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மூடிய பெட்டிக்குள் பயன்படுத்த வேண்டிய நஞ்சு அது. அதன் ஆவியை நாம் சுவாசிப்போம்; குழந்தையோ நாயோ எடுத்து வாயில் போட்டுவிடவும் கூடும்.

மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். ஹோண்டா நிறுவனம் எலிக்காகவே இப்படி ஒரு டேப்பை விற்கிறது. வேறு தயாரிப்புகளும் உண்டு. சக்கர சென்சார் வயரில் அரை அகலம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சுற்றினோம். அதன் பின் ஒருமுறை பல் பட்ட தடம் இருந்தது, வயர் அறுபடவில்லை. ஒரு கடியோடு விட்டுவிட்டது. சுற்றும்போது கையுறை போடுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். சக்கரம் திரும்பும்போதும் ஏறி இறங்கும்போதும் வயர் வளைய வேண்டும், அதனால் இறுக்கக் கூடாது. புகைக்குழாயை ஒட்டிய வயரில் சுற்றவே வேண்டாம், சூட்டில் பசை உருகிவிடும். எட்டும் இடம் எல்லாவற்றிலும் சுற்ற முடியாது என்பதுதான் இதன் எல்லை.

கம்பிவலைக்கு வருகிறேன். வண்டி நிற்கும் இடத்தைச் சுற்றி, மடக்கி எடுக்கக்கூடிய சட்டங்களில் கோழிவலையை அடித்து நிறுத்தியிருக்கிறேன். வலைக்கண் 25 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. குட்டி முயல் நம்ப முடியாத அளவுக்குச் சிறிய இடைவெளியில் நுழையும். உயரம் சிறிய வகை முயல்களுக்கு 60 சென்டிமீட்டர் போதும், பெரிய வகையானால் 90 சென்டிமீட்டர் வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் அடிப்பகுதி. முயல் வேலியைத் தாண்டுவதைவிட அதன் காலடியில் தோண்டுவதையே விரும்பும். அதனால் வலையின் அடியில் ஒரு சாண் அளவை வெளிப்பக்கமாக மடக்கித் தரையில் படுக்கவைத்து, மேலே கல் வைத்துவிட வேண்டும். முயல் வேலியோரம் வந்து தோண்டும்போது காலில் இந்த வலைதான் தட்டும். சற்றுப் பின்னால் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. உள்பக்கமாக மடக்கினால் இந்தப் பலன் கிடைக்காது.

வண்டி நுழையும் பக்கத்துச் சட்டம்தான் பலவீனம். அவசரத்தில் சரியாக மூடாமல் போய்விடுவோம். அந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் கீழே கனமான ரப்பர்ப் பட்டை வைத்துத் தரையோடு ஒட்டும்படி செய்தோம். காலையில் வண்டி எடுக்க ஓரிரு நிமிடம் கூடுதலாக ஆகிறது. அந்த அலுப்பு உண்மைதான். ஆனால் பணிமனையில் வண்டியை விட்டுவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது.

வலைக்குச் சமமாக உதவியது சுற்றுப்புறத்தை வெளியாக்கியது. வண்டியைச் சுற்றிச் சில மீட்டர் தூரத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி, விறகுக் குவியலையும் பழைய பலகைகளையும் அப்புறப்படுத்தினேன். பறவைக்குப் போடும் தானியமும் உதிர்ந்த பழமும் கிடக்கக் கூடாது. புதரிலிருந்து வண்டி வரை மறைவாக ஓடிவர வழியில்லை என்றால் பாதி முயல்கள் கிளம்புவதே இல்லை. முயல் மோவாய்ச் சுரப்பியைத் தேய்த்தும் சிறுநீராலும் இடத்துக்கு அடையாளம் வைக்கும் என்பதால், ஒவ்வொரு பழுதுக்குப் பிறகும் வண்டியின் அடிப்பகுதியையும் தரையையும் கழுவிவிடுகிறேன்.

விஷம் வைப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: கூடாது. விஷம் தின்ற முயலை ஆந்தையும் நாயும் தின்னும். முயலைக் கட்டுக்குள் வைத்திருக்கும் விலங்குகளையே நாம் கொன்றதாகிவிடும். காட்டு முயலைப் பிடிப்பதும் வேறிடத்தில் விடுவதும் பல நாடுகளில் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. அனுமதி வேண்டுமா என்று வனத்துறையிடம் கேட்காமல் பொறி வைக்காதீர்கள். அது நம்மைப் பழிவாங்க வரவில்லை, உயிருக்கு ஒளிய இடம் தேடி வருகிறது. வலி கொடுக்காமல் தடுக்க வழி இருக்கும்போது வேறெதற்கு?

வெளியூர் போகும்போது வலையைத் தூக்கிப் போக முடியாது. அப்போது புல்லோரத்தை விட்டு விலகி, விளக்கு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள தார்த்தரையில் நிறுத்துகிறேன். நடந்து வர வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. திரும்பியதும் சாவியைத் திருப்புமுன் குனிந்து நான்கு சக்கரங்களின் உள்பக்கத்தையும் பார்க்கிறேன். காப்பீட்டில் விலங்குகளால் வரும் சேதம் சேர்ந்திருக்கிறதா என்பதை ஒப்பந்தத்தில் இப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள். விபத்தில் பிறருக்கு ஆகும் சேதத்தை மட்டும் ஏற்கும் காப்பீட்டில் இது வராது. கடித்த வயரையும் புழுக்கையையும் பழுதுபார்க்கும் முன்பே படம் எடுத்துவிடுங்கள்.

வலை போட்ட பிறகு வயர் அறுபட்டது ஒருமுறைதான், அதுவும் காற்றில் சாய்ந்த சட்டத்தின் வழியாக. இப்போது மூலைகளில் இரும்புக் கம்பி அடித்து நிறுத்தியிருக்கிறேன். வலையில் தரையோடு கிடக்கும் மடிப்பு மட்டும் ஈரத்தில் துருப்பிடித்து உதிர்கிறது. அந்தப் பகுதியை மழைக்காலம் முடிந்ததும் பார்த்து மாற்றுகிறேன். புதிதாக வாங்குபவர்கள் துத்தநாகம் பூசிய வலையாகப் பார்த்து வாங்குங்கள்.