மொட்டைமாடியில் ஆறு வருஷம்: எட்டு அங்குல டாப்சோனியன் பயன்பாட்டு அனுபவம்

வாங்கின மாசமே எழுதுகிற விமர்சனங்களை நான் நம்புவதில்லை. பெட்டியைப் பிரித்த சந்தோஷத்தில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். இந்த டெலஸ்கோப்பை 2020 பிப்ரவரியில் வாங்கினேன். நடுவில் ஒரு தடவை விற்றுவிடலாம் என்று படம்கூட எடுத்து வைத்தேன். விற்கவில்லை. ஏன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதற்கு முன்னால் பொருட்காட்சியில் வாங்கிய குட்டி டெலஸ்கோப் ஒன்று இருந்தது. வில்லை 60 மில்லிமீட்டர். பெட்டியின் மேலே கொட்டை எழுத்தில் '525 மடங்கு'. ஒரு டெலஸ்கோப்பில் உருப்படியாகப் பார்க்கக்கூடிய உருப்பெருக்கம், வில்லையின் மில்லிமீட்டரைப் போல இரண்டு மடங்கு. அதாவது அதில் 120-க்கு மேல் போனால் வெறும் கலங்கல்தான். அந்தக் கணக்கு அப்போது எனக்குத் தெரியாது. ஸ்டாண்டு தொட்டாலே ஆடும். நிலாவைத் தவிர வேறெதையும் பார்த்ததாக ஞாபகம் இல்லை. பரணில் போட்டுவிட்டேன்.

2019 டிசம்பர் 26 காலையில் எங்கள் திண்டுக்கல்லிலேயே வளைய சூரிய கிரகணம். ஒன்பதரை மணி வாக்கில் தெருவே இறங்கி நின்றது. மூணு நிமிஷ வளையம். வெயில் சாயம்போன மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு வந்து எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் டெலஸ்கோப் விலை பார்க்க உட்கார்ந்தேன்.

பிராண்டு பெயர் வேண்டாம். 203 மில்லிமீட்டர் கண்ணாடி, 1200 மில்லிமீட்டர் குவியத்தூரம். இந்த அளவு டாப்சோனியன்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். 40,000 ரூபாயை ஒட்டி ஆனது. குழாய், கீழே கண்ணாடி, மேலே பக்கவாட்டில் கண் வைக்கும் இடம், திருப்ப ஒரு மரப்பெட்டி. மோட்டாரும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. கையால் தள்ளணும், அவ்வளவே. இந்த அமைப்பைப் பிரபலமாக்கிய ஜான் டாப்சன், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வேதாந்த சங்கத்து மடத்தில் 23 வருஷம் துறவியாக இருந்தவர். கையில் காசில்லாததால் கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார், அட்டைக் குழாயில் பொருத்தினார். 1967-ல் மடத்தை விட்டு வெளியேற வேண்டி வந்ததற்கும் இந்த டெலஸ்கோப் பித்துதான் காரணம். அடுத்த வருஷமே நடைபாதையில் டெலஸ்கோப்பை வைத்துப் போவோர் வருவோருக்கு வானம் காட்டும் ஒரு கூட்டத்தை ஆரம்பித்தார்.

மோட்டார் வைத்த ஸ்டாண்டு வாங்காததற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வகையில் பல ஸ்டாண்டுகளைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் நேர் செய்யணும். நம்ம ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே பத்து டிகிரிதான் நிற்கும். எங்கள் மாடியிலிருந்து அது எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

முதல் இரவு பெரிய ஏமாற்றம். அந்த மாசம் திருவாதிரை, அதாவது பீட்டல்ஜூஸ், வழக்கத்துக்கு மாறாக மங்கிக் கிடந்தது. வெடிக்கப் போகிறது என்று செய்திகளெல்லாம் பரபரத்தன. (அது கக்கிய தூசியே அதை மறைத்திருந்தது என்று பிறகு ஆராய்ந்து சொன்னார்கள்.) அதற்குப் பக்கத்திலேயே ஓரியன் நெபுலா, விண்வெளியில் வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம். கலர் கலராக ரோஜாப்பூ மாதிரி விரிந்த படங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணை வைத்தேன். சாம்பல் நிறத்தில், கண்ணாடியில் யாரோ ஊதின ஆவி மாதிரி ஒரு திட்டு. இதற்கா இவ்வளவு பணம் என்று இருந்தது.

குறை குழாயில் இல்லை, கண்ணில் இருந்தது. அது புரிய எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. குறைந்த வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் அவ்வளவாகத் தெரியாது. அந்தப் படங்கள் நிமிஷக்கணக்கில், மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து எடுத்தவை. கண் அப்படிச் சேர்த்து வைக்காது. ஆனால் கண்ணுக்கு வேறொரு வித்தை உண்டு. மங்கலான ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. நேராக முறைத்தால் மறைகிற பொருள், கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் வந்துவிடும். கடைக்கண்ணால் பார்க்கணும். அதோடு அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கணும். நடுவில் ஒரே ஒரு தடவை செல்போனைத் திறந்தாலும் அந்த அரை மணி நேரமும் வீண்.

இப்போது அதே ஓரியன் நெபுலாவில் இருபது நிமிஷம் நிற்கிறேன். நடுவில் நாலு நட்சத்திரம் பட்டாணி அளவு இடத்துக்குள் நெருக்கமாக நிற்கும். அதைச் சுற்றி லேசான பச்சை. ஒரு பக்கம் கரிய வாய் போல உள்ளே புகுந்த இருட்டு. இரண்டு சிறகு. டெலஸ்கோப் அதேதான், ஒரு திருகுகூட மாற்றவில்லை.

தெற்கு வானத்தைப் பற்றித் தனியாகச் சொல்லணும். இதை நம்ம ஊர்க்காரர்கள் யாருமே பெரிதாகப் பேசுவதில்லை. மே மாசம் ராத்திரி பத்து மணிக்குத் தெற்கே, முப்பது டிகிரி உயரத்தில் ஒமேகா செண்டாரி. சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் ஒரே பந்தாகச் சேர்ந்து கிடக்கிற கூட்டம், 17,000 ஒளியாண்டு தூரத்தில். 25 மில்லிமீட்டர் ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லையில் (48 மடங்கு), பஞ்சு உருண்டை. 10 மில்லிமீட்டருக்கு மாற்றினால் 120 மடங்கு. உருண்டை உடைந்து, கருப்புத் துணியில் ரவையைக் கொட்டின மாதிரி ஓரம் முழுக்கப் பொடிப் பொடியாகத் தெரியும். லண்டனில் இது அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1677-ல் தெற்கே செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய்த்தான் இது ஒற்றை நட்சத்திரம் இல்லை என்று குறித்தார். நமக்கு மாடிப்படி ஏறினால் போதும்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022 ஜூலையில் அனுப்பிய முதல் படங்களில், பாறைமுகடு போலப் பழுப்பும் நீலமுமாக ஒன்று வந்ததே, அதுவும் இந்தத் தெற்குப் பக்கத்து கரீனா நெபுலா பகுதிதான். அடுத்த வருஷம் மார்ச்சில் சிறுமலைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். முகடெல்லாம் கிடையாது, பால் சிந்தின மாதிரி வெளிச்சமும் குறுக்கே கருப்பு விரிசலும்தான். ஆனால் இடம் அதே இடம்.

இப்போது எல்லாரும் கேட்கிற விஷயம். 2023 ஆகஸ்ட் 23, சாயங்காலம் 6.04. சந்திரயான்-3 இறங்கியதை டிவியில் பார்த்துக் கைதட்டிவிட்டு, கீழ்வீட்டு அக்கா முதல் ஆளாக மாடிக்கு வந்துவிட்டார். பின்னாலேயே எட்டு, பத்துப் பேர். நல்லவேளை, அன்றைக்கு அரை நிலாவுக்கு ஒரு நாள் குறைவு. தென்மேற்கில் பளிச்சென்று நின்றது.

"தம்பி, இறங்குனது தெரியுதா? நம்ம விழுப்புரத்துப் பையன் அனுப்புனதுல்ல!"

திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதை அக்கா டிவியில் கேட்டிருந்தார். தெரியாது அக்கா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கணக்காகச் சொன்னேன். இந்தக் கண்ணாடியில் நிலாவில் பிரித்துப் பார்க்க முடிகிற மிகச் சிறிய இடமே ஒரு கிலோமீட்டர். லேண்டர் ரெண்டு மீட்டர். அதை ஒரு புள்ளியாகப் பார்க்கவே நூறு மீட்டர் அகலத்தில் கண்ணாடி வேணும். அக்கா யோசித்தார். "அப்ப நம்ம தெரு பத்தாது" என்றார்.

ஆனால் இடத்தைக் காட்ட முடிந்தது. தெற்கு ஓரத்தில் பள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தோசைக்கல்லில் மாவு கொதித்து அடங்கின மாதிரி இருக்கும். அங்கே மான்சினஸ் என்று 98 கிலோமீட்டர் அகலப் பள்ளம் ஒன்று, ஓரத்தில் இருப்பதால் நசுங்கின வட்டமாகத் தெரியும். அதற்குப் பக்கம்தான் என்று சொல்லி ஒவ்வொருவராகப் பார்க்க வைத்தேன். மோட்டார் இல்லாததால் நிமிஷத்துக்கு ஒரு தடவை நிலா நகர்ந்துவிடும்; பிடித்துத் தள்ளித் தள்ளிக் காட்டினேன். எட்டரை மணி வரை யாரும் இறங்கவில்லை. விற்கும் எண்ணம் அன்றைக்கே போனது.

சரி, தொல்லைகள்.

முதலில் எடை. குழாயும் பெட்டியும் சேர்ந்து இருபது கிலோவுக்கு மேல். ரெண்டு நடையாகத்தான் ஏற்ற முடியும். வாங்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. ஆனால் அலுத்து வந்த ராத்திரி டெலஸ்கோப் மாடி ஏறுமா ஏறாதா என்பதை முடிவு செய்வது இந்தப் படிக்கட்டுதான். ரெண்டாவது வருஷம் படி முடிகிற இடத்தில் தகரக் கதவு போட்ட சின்ன அறையில் வைத்தேன். அதற்கப்புறம் பயன்பாடு மூணு மடங்கு கூடியிருக்கும்.

அந்த அறையால் வந்த வினை பல்லி. ஒரு மழைக்காலம் முடிந்து திறந்தால் பெட்டியின் மூலையில் ரெண்டு முட்டை, கண்ணாடியின் ஓரத்தில் எச்சம். இப்போது குழாயின் ரெண்டு முனையிலும் மூடி, அதன்மேல் பழைய தலையணை உறை, உள்ளே சிலிக்கா ஜெல் பை.

நாலாவது வருஷம் கண்ணாடியைக் கழுவினேன். பயந்துகொண்டே செய்த வேலை. குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டுத் தூசியை இறக்கி, டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஊறவைத்து, பஞ்சைத் தன் எடைக்கு மட்டும் இழுத்து, மறுபடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சாய்த்து நிறுத்திவிட்டேன். துடைக்கவே கூடாது. அலுமினியப் பூச்சு கண்ணாடியின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. தேய்த்தால் கோடு விழும்.

கண்ணாடிகளை நேர் செய்கிற வேலை, கொலிமேஷன் என்பார்கள், படியில் ஏற்றும்போதெல்லாம் கொஞ்சம் கலையும். லேசர் கருவி ஒன்று வாங்கினேன். அந்த லேசரே கோணலாக வந்தது. கடைக்காரர் மாற்றித்தர மாட்டேன் என்றுவிட்டார். மூடியின் நடுவில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து ஐந்து நிமிஷத்தில் செய்துகொள்கிறேன். லேசர் பூனைக்கு விளையாட்டுச் சாமான் ஆனது.

உச்சியில் எதையும் பார்ப்பது கஷ்டம். டாப்சோனியன் தலைக்கு நேர் மேலே திரும்பும்போது முரண்டு பிடிக்கும். நம்ம ஊரில் கிரகங்கள் உச்சிக்குப் பக்கமாகவே போவதால் இது அடிக்கடி வரும். 2024 டிசம்பரில் வியாழனைப் பார்க்க அது கொஞ்சம் சாயும்வரை காத்திருந்தேன். வெயில் காலத்தில் இன்னொன்று: பகல் முழுக்கச் சூடேறின தளம் ராத்திரி பத்து மணி வரை சூட்டைக் கக்கும், டெலஸ்கோப்பில் தெரிகிற பிம்பம் கொதிக்கிற மாதிரி அலையும். சாயங்காலமே ரெண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டால் தேவலை. தெருவிளக்கு வெள்ளை எல்இடி ஆன பிறகு கொடிக்கயிற்றில் போர்வை ஒன்றைக் கட்டி மறைத்துக்கொள்கிறேன்.

சூரியனைப் பார்க்க முன்பக்கம் முழுவதையும் மூடுகிற ஃபில்டர் இல்லாமல் ஒரு நொடிகூடத் திருப்பக் கூடாது. மேலே இருக்கும் சின்ன ஃபைண்டரையும் (குறிபார்க்கும் குட்டிக் குழாய்) மூடணும், பலரும் அதை மறக்கிறார்கள். 2024 மே மாசம் பூமியைப் போலப் பதினைந்து மடங்கு அகலத்துக்கு ஒரு கரும்புள்ளிக் கூட்டம் வந்தது. அதைப் பார்க்கும்போது மேற்கே கொடைக்கானல் மலை தெரிந்தது. நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே உள்ள வானாய்வகத்தில் சூரியனைத் தினமும் படம் எடுத்து வருகிறார்கள்.

கடைசியாகச் சனி. கீழ்வீட்டு அக்காவின் பேத்தி 2020 ஊரடங்கில் முதல் தடவை பார்த்தபோது ஆறு வயசு. நல்ல சாய்வில் வளையம், நடுவே இடைவெளியோடு. கண்ணை எடுத்துக் குழாயின் முன்பக்கம் போய் எட்டிப் பார்த்தாள்.

"ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்களா மாமா?"

போன நவம்பரில் மழை விட்ட ஒரு ராத்திரி மறுபடி ஏறி வந்தாள். ஐபீஸில் கண் வைத்தவள் நிமிர்ந்தே விட்டாள். "மாமா, வளையத்தைக் காணோம்." மங்கின மணியில் ஊசி கோத்த மாதிரி ஒரு மெல்லிய கோடு, அதுவும் கடைக்கண்ணுக்குத்தான். 2025 மார்ச்சில் வளையம் விளிம்பாகத் திரும்பியதை, 1612-ல் கலிலியோவும் இதேபோலக் காணாமல் திகைத்ததைச் சொன்னேன். அவளுக்குக் கலிலியோ முக்கியமாகப் படவில்லை.

"திரும்ப எப்ப முழுசா தெரியும்?"

"2032."

விரல் விட்டு எண்ணினாள். "அப்ப நான் காலேஜ் மாமா. இது இருக்குமா?"

குழாய் இருக்கும். கண்ணாடி ஓரத்தில் பூச்சு மங்க ஆரம்பித்துவிட்டது, அதற்குள் ஒரு தடவை புதுப் பூச்சுக்கு அனுப்பணும்.