சந்தேகம் 16: ‘பெண்ட்ராகன்’ மனவிதிகளோடு நாலு வருஷம்

காரைக்குடியில் எங்கள் பங்காளிகள் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்கும் முன்னோர் படைப்புக்கும் தவிர யாரும் எட்டிப் பார்க்காத வீடு. அதன் பட்டாலையில் ஞாயிறுதோறும் ஐந்து பேர் உட்கார்ந்து ரோல்-பிளேயிங் கேம் ஆடுகிறோம்: ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, கதையை நகர்த்தும் ஆட்டம். முதல் நாள் 20 பக்கப் பகடையைப் பார்த்த ஆச்சி, “தாயக்கட்டைக்கு எதுக்குடா இத்தனை மூஞ்சி?” என்றார்.

ஆரம்பித்தது ‘கால் ஆஃப் கதுல்ஹு’ (1981) என்ற திகில் ஆட்டத்தில். அதில் புத்திசுவாதீனம் என்பது ஓர் எண். பயங்கரத்தைக் கண்டால் உருட்ட வேண்டும், தோற்றால் புள்ளி குறையும். ஒரே அடியில் ஐந்தோ அதற்கு மேலோ போனால் அறிவுக்கு இன்னோர் உருட்டல். அதில் ஜெயித்தால்தான் பித்துப் பிடிக்கும்! கண்டது புரியாதவன் தப்பித்துக்கொள்வான். எழுதியவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போலிருந்தது. ஆனால் ஆட ஆட, மனசு ஓட்டை விழுந்த தண்ணித் தொட்டியாகிவிட்டது. வியாதிப் பட்டியலில் எது விழுந்தாலும் அதை நடித்துக் காட்டிச் சிரித்தோம். ஒருநாள் எங்களில் ஒருவன் சிரிக்கவில்லை, அவன் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். அதோடு மூடிவைத்தோம்.

பிறகுதான் கிரெக் ஸ்டாஃபோர்டின் ‘பெண்ட்ராகன்’ (1985). ஆர்தர் ராஜாவின் குதிரைவீரர்கள் கதை. 13 குணஜோடிகள், நம்பிக்கை–சந்தேகம், இரக்கம்–கொடுமை என்று. ஜோடியின் கூட்டு எப்போதும் 20, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். குணத்துக்குத் தக்கபடி அழுத்தமாக நடந்தால் பக்கத்தில் ஒரு டிக். ஆட்டத்தில் குளிர்காலம் வரும்போது அந்த டிக்குக்கு உருட்டி, இருக்கும் எண்ணைவிட அதிகம் விழுந்தால் குணம் ஒரு புள்ளி ஏறும். இவைபோக, ‘இன்னார்மேல் பாசம்’, ‘இன்னார்மேல் பகை’ என்று தனி எண்கள்.

கதையை நடத்தும் கேம் மாஸ்டர் இதை 1930களின் ரங்கூனுக்கு, வட்டிக்கடைகள் இருக்கும் ஒரு செட்டியார் கிட்டங்கிக்கு, மாற்றினான். கற்பு–காமம் ஜோடியைக் கூச்சத்தில் தூக்கிவிட்டோம். பெரிய சண்டை தாராளம்–சுயநலத்தில். குதிரைவீரன் வாரி இறைத்தால் பெருமை; நம் ஊரில் சிக்கனம் எந்தக் காலத்தில் குற்றமாச்சு? கல்யாணத்துக்கு மட்டும் கணக்கு வேறு. கடைசியில் அதற்குப் ‘பெருங்கை–சிறுங்கை’ என்று பேர் வைத்து, எது நல்லது என்று சொல்லாமல் விட்டோம்.

நான் மேலாள், கடையை நடத்துபவன். பேரேட்டை இரண்டு தரம் பார்ப்பேன், எனக்குக் கீழே இருக்கும் அடுத்தாள் சொல்வதை இன்னொருவரிடம் விசாரிப்பேன். நல்ல ஆட்டம் என்றுதான் நினைத்தேன். 9இல் தொடங்கிய சந்தேகம் மூன்று வருஷத்தில் 16.

1942 பிப்ரவரி. ஜப்பான்காரன் நெருங்குகிறான். அடுத்தாள் ஓடி வந்து, “அண்ணே, வடக்கே புரோம் ஊர் வரைக்கும் லாரி கிடைச்சிருக்கு, ஏறுங்க” என்றான். ஏறத்தான் நினைத்தேன். 16 தொட்டுவிட்டால் நம் இஷ்டம் இல்லை, உருட்டியாக வேண்டும். விழுந்தது 11, பதினாறுக்குள்; சந்தேகம் ஜெயித்துவிட்டது. “இவன் பெட்டிச் சாவிக்கு வந்திருக்கான்” என்று என் வாயாலேயே சொல்லி, அவனை அனுப்பிவிட்டேன்.

அரை மணி நேரம் கத்தினேன். பகடையே முடிவு செய்தால் நான் எதற்கு? கேம் மாஸ்டர் பதில் பேசாமல், குணங்களின் எண்களை எழுதிவைக்கும் என் ஷீட்டைத் திருப்பி வைத்தான். சந்தேகக் கட்டத்தில் ஏழு தரம் ரப்பர் போட்டு அழித்துக் காகிதம் மெலிந்திருந்தது. அத்தனையும் என் பென்சில்.

குறை உண்டு. குளிர்காலக் கணக்குக்கே ஒரு மதியம் போய்விடும். புதிதாக வருபவர்கள் குணத்தை உருட்டச் சொன்னால் முறைக்கிறார்கள்; ஆறு மாதமாவது ஆடாமல் இந்த விதிகளின் ருசி தெரியாது. ஒருநாள் கூத்துக்கு வேண்டவே வேண்டாம்.

மேலாள் மலைப்பாதையில் செத்துப்போனார். இப்போது அந்த அடுத்தாளை நான் ஆடுகிறேன். ஷீட்டில் ‘மேலாள்மேல் பாசம் 14’ இருக்கிறது. அழிக்கக் கேட்டேன், கேம் மாஸ்டர் ரப்பர் தரமாட்டேன் என்கிறான்.