எல்லை தாண்டி வேலைக்குப் போவோருக்கு எஸ்1 படிவம்: எவ்வளவு பயன்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டில் குடியிருந்து இன்னொரு நாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு எஸ்1 (வேலை நாட்டு மருத்துவக் காப்பீட்டைக் கொண்டு குடியிருக்கும் நாட்டிலும் சிகிச்சை பெற வழிசெய்யும் சான்றுப் படிவம்) உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. வாரத்துக்கு ஒரு தடவையாவது வீடு திரும்பினால் போதும், இரண்டு நாட்டிலும் சிகிச்சை பெறலாம். சந்தா கட்டுவது வேலை பார்க்கும் நாட்டில் மட்டும்.

அங்குள்ள காப்பீட்டு நிறுவனத்திடம் படிவத்தைக் கேட்டு வாங்கி, குடியிருக்கும் நாட்டின் காப்பீட்டு அலுவலகத்தில் பதிய வேண்டும். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான்: வாங்கிப் பத்திரமாக வைத்துவிட்டுப் பதியாமல் இருந்தால், வீட்டருகே பார்க்கும் மருத்துவர் முழுக் கட்டணத்தையும் கேட்கலாம்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும். குடியிருக்கும் நாட்டில் செய்யும் வேலை மொத்த வேலையில் 25 சதவீதத்தைத் தொட்டால் காப்பீடே அந்த நாட்டுக்கு மாறிவிடும், எஸ்1 செல்லாது. 2023 ஜூலை முதல், எல்லை தாண்டிய தொலைப்பணிக்கான ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே தொலைப்பணி 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் அது தானாக வராது, விண்ணப்பித்து ஏ1 சான்று (எந்த நாட்டின் சமூகக் காப்பீடு பொருந்தும் என்று காட்டுவது) வாங்க வேண்டும்.

குறை என்றால் குடும்பத்தினர் விஷயம்தான். சில நாடுகள் அவர்களுக்கு வேலை நாட்டில் முழு உரிமை தருவதில்லை. முதலிலேயே கேட்டுவிடுங்கள்.