மேட்டூர் திறந்த நாள்: சராசரியா, இடைநிலையா, முகடா?

மன்னார்குடிப் பக்கம் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். புள்ளியியல் பாடம் வந்தால் புத்தகத்து மதிப்பெண்களை ஓரமாக வைத்துவிட்டு, மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறந்த தேதிகளைப் பலகையில் எழுதிவிடுவேன். ஜூன் 12 வழக்கமான நாள். அதற்குப் பிறகு எத்தனை நாள் தாமதம் என்பதுதான் தரவு:

2016 – 100, 2017 – 112, 2018 – 37, 2019 – 62, 2020 – 0, 2021 – 0, 2022 – மைனஸ் 19, 2023 – 0, 2024 – 46, 2025 – 0.

2022-இல் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள், மைனஸ் அதனால்தான்.

கூட்டினால் 338. பத்தால் வகுத்தால் கூட்டுச் சராசரி 33.8, அதாவது ஜூலை 16. திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாணவன் ஒருவனின் தாத்தா குறுக்கே வந்தார்.

“வாத்தியாரே, எந்த வருஷம் ஜூலை பதினாறுல தொறந்தாங்க?”

“எந்த வருஷமும் இல்லீங்க ஐயா.”

“அப்பறம் அதை நம்பி நான் எப்படி நாத்து விடுறது?”

நியாயமான கேள்வி. சரி, இடைநிலை அளவைப் பார்ப்போம் என்று ஏறுவரிசையில் அடுக்கினோம். நடுவிலிருப்பவை 0, 37. இரண்டுக்கும் நடுவே 18.5, ஜூன் மாதக் கடைசி. அப்போதும் ஒரு வருஷம்கூடத் திறக்கவில்லை. அதிக முறை வருவது 0, நான்கு தடவை. முகடு மட்டும்தான் உண்மையில் தண்ணீர் வந்த ஒரு நாளைக் காட்டுகிறது.

சராசரியைப் பெரிய எண் இழுத்துவிடும், இடைநிலை அசையாது என்று நாம் சொல்லிக் கொடுப்போம். இங்கே சோதித்தால் வேடிக்கை. 2017-ஐ எடுத்துவிடுங்கள். சராசரி 33.8-லிருந்து 25.1 ஆகிறது. இடைநிலையோ 18.5-லிருந்து ஒரேயடியாக 0-க்கு விழுகிறது! அசையாது என்ற ஆள்தான் தடுக்கி விழுந்தார். காரணம், இந்தத் தரவு ஒரே கூட்டமில்லை. அணையில் போதிய தண்ணீர் இருந்த வருஷங்கள் ஜூன் 12-ஐ ஒட்டி நிற்கின்றன. இல்லாதவை ஜூலை முதல் அக்டோபர் வரை சிதறிக் கிடக்கின்றன. நடுவில் 0-க்கும் 37-க்கும் இடையே வெறும் பள்ளம். சராசரி, இடைநிலை இரண்டும் அந்தப் பள்ளத்தில் போய் நிற்கின்றன.

அதற்காகச் சராசரி உதவாது என்று ஆகிவிடாது. பத்து வருஷத்தில் மொத்தம் எத்தனை பாசன நாள் போயிற்று என்று கணக்குப் பார்க்கிறவருக்கு அதுதான் வேண்டும். பத்தால் பெருக்கினால் மொத்தம் திரும்பக் கிடைக்கும். ஜூனில் தண்ணீர் வந்தால் போடும் குறுகிய கால நெல்லான குறுவையைப் போடலாமா, பிறகு வரும் நீண்ட கால நெல்லான சம்பாவை மட்டும் ஒருபோகமாகப் போட்டு நிற்கலாமா என்று யோசிக்கிறவருக்கு வேண்டியது வேறு: பத்தில் ஐந்து வருஷம் ஜூன் 12-க்குள் தண்ணீர், ஐந்து வருஷம் ஒரு மாதத்துக்கு மேல் தாமதம். எண்ணினாலே போதும்.

படம் போடும்போதும் இதே தகராறுதான். பட்டை விளக்கப்படத்தில் 0 வருஷங்களுக்குப் பட்டையே இல்லை, “இந்த வருஷம் எழுத மறந்துட்டீங்களா சார்?” என்று ஒரு பெண் கேட்டாள். நல்லபடி திறந்த வருஷம்தான் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. கோட்டு வரைபடம் இன்னும் மோசம்: 2019-க்கும் 2020-க்கும் நடுவே சரிவு ஒன்றை வரைகிறது; அந்தச் சரிவில் எந்த நாளும் இல்லை. ஆனால் அணையின் தினசரி நீர்மட்டத்துக்குக் கோடுதான் பொருத்தம். நேற்று 95 அடி, இன்று 96 அடி என்றால் இடையிலுள்ள உயரங்களையும் தண்ணீர் தொட்டுத்தானே ஏறியிருக்கும்?

வட்ட விளக்கப்படத்தில் மைனஸ் 19-க்கு எந்தத் துண்டை வெட்டுவது? நகர்ந்துவிடலாம். குறுவை, சம்பா, தாளடிப் பரப்புக்கு வட்டம் சரிவரும் என்று நினைத்தால் அதிலும் ஒரு பொறி. குறுவை அறுத்த வயலில்தான் தாளடி நடுகிறோம். ஒரே மண்ணை இரண்டு துண்டாக எண்ணிவிட்டால், வட்டம் ஊரிலுள்ள நிலத்தைவிடப் பெரிதாகிவிடும்.

எனக்குப் பிடித்தது எளியது. மே முதல் அக்டோபர் வரை ஒரு கோடு, ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு புள்ளி. ஜூன் 12-இல் நான்கு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும், அந்தப் பள்ளமும் தெரியும்.

ஒரு பையன் மட்டும் அணையையே பெட்டி மாதிரி வரைந்து, 60 அடி வரை நீலம் தீட்டி ‘பாதி அணை’ என்று எழுதியிருந்தான். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி). ஆனால் 60 அடியில் இருப்பு சுமார் 25 டிஎம்சிதான்; அணை மேலே போகப்போக அகலம். பெட்டியை அழித்து, புனல் மாதிரி வரையச் சொன்னேன். தாத்தா எழுந்து வந்து பார்த்தார். “இது சரி” என்றார்.