க்ரூஸ் கப்பல் டிப்ஸ்னு சொல்லி குரூப் டூர்ல கேஷ் கேட்டா குடுக்காதீங்க

சிங்கப்பூர், மலேசியா, கூடவே க்ரூஸ்னு சேர்த்து பேக்கேஜ் போட்டு விக்கிறாங்கள்ல, அதுல லீவுக்கு ஃபேமிலியோட போலாம்னு இருக்கறவங்க இதை தயவுசெஞ்சு முழுசா படிச்சுருங்க. கப்பல்ல வேலை செய்யறவங்களுக்கு டிப்ஸ், ரூம் பையனுக்கு கிஃப்ட் அப்படின்னு சொல்லி எங்க டூர் மேனேஜர் பஸ்லயே ஆளாளுக்கு கேஷ் வாங்கினாரு, அந்தக் காசுல ஒரு டாலர் கூட கப்பல்ல யார் கைக்கும் போகல, கப்பல்காரங்க எங்க கார்டுல தனியா கிராஜுவிட்டி (கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸை பில்லுல இப்படித்தான் போடுவாங்க) பிடிச்சுக்கிட்டாங்க. கம்ப்ளெயின்ட் குடுத்து நடந்துட்டு இருக்கறதால ஏஜென்சி பேரை இங்க போடல, ஆனா இதே வேலையை எத்தனை பேர்கிட்ட பண்றாங்களோ தெரியாது, அதான் எழுதறேன்.

நாங்க கோயம்புத்தூர்ல இருந்து போனோம், நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, எங்க அம்மா அப்பா. குரூப்ல மொத்தம் ஒரு நாப்பது பேர் இருப்போம், பாதிக்கு மேல வயசானவங்க, ரிட்டயர்மென்ட் காசுல முதல் தடவை வெளிநாடு பார்க்க வந்தவங்க. சிங்கப்பூர்ல மரினா பே க்ரூஸ் சென்டர்ல கப்பல் ஏறி பினாங்கு போயிட்டு திரும்பி வர்ற மூணு ராத்திரி ட்ரிப். புக் பண்ணும்போது நான் குறிப்பா கேட்டேன், கப்பல்ல டிப்ஸ் தனியா கட்டணுமான்னு, "எல்லாம் இன்க்லூடட் மேடம், நீங்க சும்மா வந்தா போதும்"னு ஆபீஸ்ல இருக்கற பொண்ணு வாய்ஸ் மெசேஜே அனுப்புச்சு, அது இன்னும் என்கிட்ட இருக்கு.

கப்பல் ஏறப் போற அன்னைக்கு காலையில பஸ்ஸுல டூர் மேனேஜர் மைக்கைப் பிடிச்சு பேசினாரு. கப்பல்ல வேலை பாக்கறவங்க குடும்பத்தை விட்டுட்டு மாசக்கணக்குல கடல்லயே இருக்காங்க, சம்பளம் ரொம்ப கம்மி, டிப்ஸ் குடுக்கலைன்னா ரூம் கூட சரியா க்ளீன் பண்ண மாட்டாங்க, நம்ம ஊர் மானம் போயிடும், அதனால தனித்தனியா குடுக்க வேணாம், குரூப்பா சேர்த்து நான் குடுத்துடறேன், ரூம் பையன்களுக்கு ஒரு கிஃப்ட் ஹேம்பரும் வாங்கிடலாம்னு சொன்னாரு. பேசி முடிச்ச கையோட ஒரு கவரை எடுத்துட்டு சீட் சீட்டா வந்தாரு. ஆளுக்கு 50 சிங்கப்பூர் டாலர், குழந்தைங்களுக்கும் அதே. எங்க வீட்டுக்கு மட்டும் 300 டாலர், நம்ம காசுக்கு 20,000 ரூபாய் கிட்ட. எங்களுக்கு முன் சீட்ல இருந்த ஒரு பாட்டி ஜாக்கெட்டுக்குள்ள வச்சிருந்த சுருக்குப்பையை எடுத்து, நாலா மடிச்ச நோட்டைப் பிரிச்சு, "கடல்ல கெடந்து கஷ்டப்படுற புள்ளைங்கப்பா, நல்லா இருக்கட்டும்"னு சொல்லிக் குடுத்தாங்க. ரசீது கேட்டதுக்கு, டிப்ஸுக்கு எங்க சார் ரசீதுன்னு சொல்லிட்டாரு. மொத்தமா கணக்குப் போட்டா ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல அந்தக் கவர்ல இருந்திருக்கு.

கப்பல்ல எப்படின்னா, செக்-இன் அப்பவே ஒரு கார்டு நம்பர் வாங்கிடுவாங்க, உள்ள எது வாங்கினாலும் ரூம் கார்டைத் தட்டினா போதும், கணக்குல ஏறிக்கும், கடைசி நாள் மொத்தமா கார்டுல இருந்து எடுத்துப்பாங்க. ரூம்ல இருக்கற டிவியிலயே அந்தக் கணக்கைப் பார்க்கலாம். ரெண்டாவது நாள் ராத்திரி பசங்க வாங்கின ஜூஸுக்கு எவ்வளவு ஆச்சுன்னு வீட்டுக்காரர் பார்த்தப்போதான் கிராஜுவிட்டின்னு ஒரு வரி கண்ணுல பட்டுச்சு. ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 18 அமெரிக்க டாலர். எங்க ரூம்ல நாலு பேருக்கும் போட்டிருந்தாங்க, அம்மா அப்பா ரூமிலயும் அதே. மூணு ராத்திரிக்கு ஆறு பேருக்கு 324 டாலர், 28,000 ரூபாய் பக்கம் வருது.

உடனே டூர் மேனேஜருக்கு போன் போட்டோம். "அது ஹோல்டு சார், பிளாக் பண்ணி வச்சிருப்பாங்க, இறங்கினதும் ரிலீஸ் ஆயிடும், பயப்படாதீங்க"ன்னு சொன்னாரு. இதை நல்லா கவனிங்க, ஏன்னா ஹோல்டுங்கறது நெஜமாவே இருக்கற விஷயம்தான், செக்-இன்ல கார்டுல ஒரு தொகையைப் பிடிச்சு வச்சு அப்புறமா விடுவாங்க, டெபிட் கார்டோ, வெளிநாட்டுக் காசு ஏத்தி வச்சிருக்கற ஃபாரெக்ஸ் கார்டோ குடுத்திருந்தா அது திரும்பி வர பல நாள் கூட ஆகும். ஆனா அந்த ஹோல்டு பேங்க் மெசேஜ்லதான் தெரியும். கப்பல் கணக்குல பேர் போட்டு வரி வரியா ஏறுற கிராஜுவிட்டி ஹோல்டு கிடையாது, அது உண்மையான சார்ஜ். விவரம் தெரிஞ்ச ஆள் இதை மாத்திச் சொன்னா வேணும்னேதான் சொல்றாருன்னு அர்த்தம்.

அன்னைக்கு எங்க அம்மா, ரூம் க்ளீன் பண்ற தம்பிக்கு குடுக்கறதுக்காக ஊர்ல இருந்து கொண்டு வந்த சீல் பண்ண அல்வா பாக்கெட்டை எடுத்துக் குடுத்தாங்க. இந்தோனேசியாக்கார பையன், அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு, ரெண்டு கையையும் நீட்டி வாங்கினான். வீட்டுக்காரர் அப்போ பேச்சுவாக்குல கேட்டாரு, எங்க குரூப்ல இருந்து கவரும் கிஃப்டும் வந்துச்சான்னு. அவன் முழிச்சான். எதுவும் வரலைன்னு சொன்னான். அந்த வராண்டால எங்க குரூப் ரூம் எல்லாத்தையும் அவன்தான் பார்த்துக்கிட்டான், வந்திருந்தா அவனுக்குத்தானே வந்திருக்கணும்.

ராத்திரி சாப்பாட்டு ஹால்ல எங்க டேபிள் பார்த்துக்கிட்ட தம்பி தூத்துக்குடிக்காரர், தமிழ்லயே பேசுவாரு, அம்மாவுக்கு தனியா ரசம் எல்லாம் கொண்டு வந்து குடுத்த பையன். அவர்கிட்ட விஷயத்தைச் சொன்னோம். "அக்கா, குரூப் கவர்னு எங்ககிட்ட எதுவும் வரல. தினமும் உங்க பில்லுல ஏறுற காசு இருக்குல்ல, அதுதான் ரூம் ஆளுங்க, டைனிங் ஆளுங்க, பின்னாடி கிச்சன் பக்கம், லாண்டரி பக்கம் நிக்கிற உங்க கண்ணுக்கே தெரியாத ஆளுங்கன்னு எல்லாருக்கும் பிரிஞ்சு வர்றது. ஏஜென்ட் முன்னாடியே கட்டியிருந்தா உங்க பில்லுல அந்த வரியே வராது"ன்னு அழகா விளக்கினாரு. ஒரு காண்ட்ராக்ட் ஆறு மாசத்துல இருந்து ஒன்பது மாசம் வரைக்கும் போகுமாம், அவர் வந்ததுல இருந்து லீவு நாள்னு ஒண்ணு எடுக்கலையாம். கப்பல் ஊழியர்களுக்காக 2013ல அமலுக்கு வந்த மெரிடைம் லேபர் கன்வென்ஷன்ங்கற சர்வதேச ஒப்பந்தப்படி 24 மணி நேரத்துல குறைஞ்சது 10 மணி நேரம் ரெஸ்ட் குடுக்கணும், அப்படின்னா 14 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்க அதுலயே இடம் இருக்குன்னு பார்த்துக்கோங்க. டூர் மேனேஜர் பஸ்ல சொன்ன கஷ்டம் எல்லாம் உண்மை. அந்த உண்மையைக் காட்டித்தான் எங்ககிட்ட காசு பிடுங்கினாரு, அதான் எனக்கு இன்னும் ஆறல.

கடைசி நாள் காலையில கெஸ்ட் சர்வீஸ் கவுண்டர்ல பெரிய கியூ. அங்க இருந்த ஆபீஸர் எங்க புக்கிங்கை எடுத்து ஸ்க்ரீனைத் திருப்பியே காமிச்சாங்க, ஏஜென்சி கிராஜுவிட்டிக்குன்னு ஒரு பைசா கட்டல. வேணும்னா குறைக்கவோ எடுக்கவோ சொல்லலாம், இறங்கறதுக்கு முன்னாடி இங்கயே சொல்லணும்னாங்க. விஷயம் அதுக்குள்ள குரூப் முழுக்க பரவிடுச்சு. நாங்கதான் ஏற்கனவே குடுத்துட்டோமே, ரெண்டு தடவை எதுக்குக் குடுக்கணும்னு பாதி பேர் அதை எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டாங்க. ஒருத்தர், இந்தியாவுல ஹோட்டல்காரங்க தானா சர்வீஸ் சார்ஜ் போடக் கூடாதுன்னு 2022லயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு, டெல்லி ஹைகோர்ட்டும் 2025ல அதைச் சரின்னு சொல்லிடுச்சுன்னு சத்தம் போட்டாரு. அவர் சொன்னது நம்ம ஊர் ஹோட்டலுக்கு ரொம்ப சரி, வேற நாட்டுக் கொடியோட ஓடற கப்பலுக்கு அது செல்லாது. அவங்க யார் மேலயும் எனக்குக் கோபம் இல்ல, ஏமாந்த வலியில அப்படித்தான் தோணும். ஆனா கல்யாண வீட்டுல மொய்க் கவரை எவனோ தூக்கிட்டுப் போக, பொண்ணு வீட்டுக்காரங்க வெறுங்கையோட நின்ன மாதிரி ஆயிடுச்சு அந்தக் கப்பல் பசங்க நிலைமை. நாங்க எங்க ரெண்டு ரூம் கிராஜுவிட்டியையும் அப்படியே விட்டுட்டோம், அந்த ரசம் கொண்டு வந்த தம்பி சம்பளத்துல கை வைக்க எங்களுக்கு மனசு வரல.

டூர் மேனேஜரை பிரேக்ஃபாஸ்ட்ல பிடிச்சுக் கேட்டோம். முதல்ல கவர் குடுத்தாச்சுன்னாரு, யார்கிட்டன்னு கேட்டதும் அது பஸ் டிரைவர், கைடு எல்லாருக்கும் சேர்த்துதான்னு மாத்தினாரு, கடைசியில ஆபீஸ்ல கேட்டுக்கோங்கன்னு எழுந்து போயிட்டாரு. இத்தனைக்கும் சிங்கப்பூர்ல டிப்ஸ் குடுக்கற பழக்கம் பெருசா கிடையாது, ஹோட்டல்ல சாப்பிட்டா பெரும்பாலும் பில்லுலயே 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் மேல 9 சதவீதம் ஜிஎஸ்டியும் வந்துடும், அவ்வளவுதான்.

அதனால நீங்க போறதா இருந்தா, கிராஜுவிட்டி பேக்கேஜ்ல கட்டியாச்சான்னு வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ எழுத்துல கேளுங்க, "எல்லாம் இன்க்லூடட்"ங்கற பதிலை ஒத்துக்காதீங்க, கப்பல் கம்பெனியோட புக்கிங் கன்ஃபர்மேஷன்ல ப்ரீபெய்டு கிராஜுவிட்டின்னு வரி இருக்கான்னு காமிக்கச் சொல்லுங்க. கட்டலைன்னு சொன்னா பரவால்ல, பட்ஜெட்ல சேர்த்துக்கோங்க, பல கப்பல்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 16ல இருந்து 20 அமெரிக்க டாலர் வரைக்கும் இருக்கும், குழந்தைங்களுக்கும் உண்டு. முதல் நாள் ராத்திரியில இருந்தே டிவியிலயோ ஆப்லயோ கணக்கைப் பாருங்க, கடைசி நாள் கியூவுல நின்னு எதுவும் பேச முடியாது.

ஜூஸ், காபி, ஸ்பா பில்லுலயும் ஒரு விஷயம் இருக்கு. அதுல ஏற்கனவே 18 சதவீதம் மாதிரி கிராஜுவிட்டி சேர்த்துதான் பில் வரும், ஆனா கையெழுத்து போடற இடத்துக்கு மேல டிப்னு ஒரு காலி கோடு இருக்கும். அதைக் கட்டாயம்னு நினைச்சு எங்க குரூப்ல ஒரு பெரியவர் ஒவ்வொரு தடவையும் 5 டாலர் எழுதிக்கிட்டே இருந்திருக்காரு. காலியா விட்டா எந்தத் தப்பும் இல்ல. அதே மாதிரி ரூபாய்ல கட்டறீங்களான்னு கார்டு மெஷின்ல கேட்டா வேண்டாம்னு சொல்லி டாலர்லயே கட்டுங்க, ரூபாய்க்கு மாத்தறவங்க அவங்க ரேட்டைப் போட்டு அதுல தனியா எடுப்பாங்க.

அதுக்கு மேல மனசார யாருக்காவது குடுக்கணும்னா தாராளமா குடுங்க, ஆனா உங்க கையால அந்த ஆள் கையில குடுங்க. சின்ன நோட்டா கேஷ் தான் அவங்களுக்கு உபயோகம். ஷோபீஸ், டீ கப், சாமி படம் எல்லாம் பாசத்துல கொண்டு போவாங்க, ஆனா அவங்க ரூம்ல ரெண்டு மூணு பேர் பங்க் கட்டில்ல தங்கறாங்க, வைக்க இடம் இருக்காது, ஊருக்குப் போகும்போது லக்கேஜ் வெயிட் வேற. சீல் பண்ண மிட்டாய், முறுக்கு பாக்கெட் ஓகே, டப்பால போட்ட வீட்டு பலகாரம் வாங்க யோசிப்பாங்க. தூத்துக்குடி தம்பி சொன்னது இன்னொண்ணு, காசு குடுக்க முடியலைன்னாலும் கடைசியில வர்ற ஃபீட்பேக் ஃபார்ம்ல பேரை எழுதிட்டுப் போங்கக்கா, ப்ரமோஷனுக்கும் அடுத்த காண்ட்ராக்ட்டுக்கும் அதைத்தான் பார்ப்பாங்கன்னு. நாங்க ரெண்டு பேர் பேரையும் எழுதிட்டு வந்தோம், எங்க அப்பா தமிழ்ல நாலு வரி எழுதி என்னை இங்கிலீஷ்ல மாத்தச் சொன்னாரு.

ஊருக்கு வந்து ஏஜென்சிக்குப் போனா, பிரின்ட் பண்ண பேப்பர்ல கீழ பொடி எழுத்துல "டிப்ஸ் நீங்கலாக"ன்னு இருக்கறதைக் காமிக்கறாங்க. சரி, அப்போ பஸ்ல வாங்கின காசு எதுக்குன்னு கேட்டா பதில் இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு அடுத்த டூர்ல பாதிக் காசைக் கழிச்சுக்கறோம்னு வவுச்சர் குடுக்க வந்தாங்க, வேண்டாம்னுட்டோம். 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சாச்சு, அதுல முடியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போறோம், குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தா அங்க ஃபீஸ் கிடையாது. குரூப்ல இன்னும் பத்துப் பன்னெண்டு பேர் கையெழுத்து போட சம்மதிச்சிருக்காங்க, அந்தப் பாட்டியும் ஒருத்தர். எங்களுக்கு வர வேண்டிய காசு ஒரு பக்கம், கப்பல் ஊழியர்களுக்குன்னு வாங்கினதை யார்கிட்ட எப்போ குடுத்தீங்கன்னு கணக்கு காட்டுங்கன்னும் புகார்ல எழுதியிருக்கோம்.

இதே மாதிரி பஸ்லயோ ஏர்போர்ட்லயோ டிப்ஸ் கவர் குடுத்துட்டு வந்தவங்க இருந்தா, கப்பல்ல இருந்து மெயில்ல வந்த ஃபைனல் பில்லைத் தேடி எடுத்து வச்சுக்கோங்க, கார்டு ஸ்டேட்மென்ட்டையும் டவுன்லோடு பண்ணிடுங்க, ஏஜென்சியோட பேசின வாய்ஸ் மெசேஜ் எதையும் டெலீட் பண்ணாதீங்க. கூட வந்தவங்கள்ல ரெண்டு பேராவது கேஷ் குடுத்ததை எழுதிக் குடுத்தா புகார் நிக்கும்னு எங்களுக்கு வக்கீல் சொன்னாரு.