ஹாங்காங்கில் குடும்பத்தோடு ஏற வேண்டிய வண்டி: மாடி டிராம்

ஹாங்காங்குக்கு நாலைந்து நாள் குடும்பத்தோடு போகிறவர்கள் டிஸ்னிலேண்டையும் விக்டோரியா பீக்கையும் முதலில் எழுதி வைத்துக்கொள்வார்கள். இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் முழங்கால் வலி உள்ள என் அம்மாவுக்கும், ஓர் இடத்தில் உட்காராத என் பையனுக்கும் ஒரே அளவு பிடித்தது, ஏறக்குறைய நாற்பது ரூபாய் டிக்கெட்டில் போகிற டிராம். உங்கள் பட்டியலில் அதை மேலே வையுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1904 முதல் ஓடுகிறது. எல்லாமே மாடி வண்டி. ஹாங்காங் தீவின் வடக்குக் கரையை ஒட்டி, மேற்கே கென்னடி டவுனிலிருந்து கிழக்கே ஷாவ் கெய் வான் வரை சுமார் 13 கிலோமீட்டர். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், குழந்தைகளுக்குப் பாதி. பின்பக்கம் ஏறி, இறங்கும்போது முன்பக்கம் டிரைவர் அருகே காசு கொடுக்க வேண்டும். சில்லறை திருப்பித் தர மாட்டார்கள். அதனால் விமான நிலையத்திலேயே ஆக்டோபஸ் கார்டு வாங்கிவிடுங்கள். மெட்ரோ, பஸ், படகு, தெருமுனைக் கடை எல்லாவற்றுக்கும் அதுவே போதும்.

மாடியில் முன் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். கண்ணாடி ஜன்னலை இறக்கிவிட்டால் காற்று முகத்தில் அடிக்கும். கடைப் பலகைகள் கை நீட்டினால் எட்டிவிடும்போல அருகில் வரும் (கையை மட்டும் நீட்ட வேண்டாம்). சென்ட்ரல் பகுதியில் எச்.எஸ்.பி.சி. வங்கித் தலைமையகத்தின் வாசலில் 1935-இல் வைத்த இரண்டு வெண்கலச் சிங்கங்களைப் பார்க்கலாம். 1941 போரில் குண்டுச் சிதறல் பட்ட தழும்புகள் அவற்றின் மேல் இன்னும் இருக்கின்றன. பையன் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்க, இறங்கி, தொட்டுவிட்டு, அடுத்த வண்டியில் ஏறினோம். கட்டணம் இவ்வளவு குறைவு என்பதால் இப்படி நினைத்த இடத்தில் இறங்க முடிகிறது. அடுத்த வண்டிக்கும் அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஷெங் வானைத் தாண்டி மேற்கே போனால் தெரு முழுக்கக் கருவாட்டு வாசனை. வரிசையாக உலர்ந்த கடல் பண்டக் கடைகள். அங்கே கண்ணாடி ஜாடிகளில் கறுப்பாக, விரல் நீளத்துக்கு எதையோ அடுக்கி வைத்திருந்தார்கள். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "ஏன்டி, மண்டபத்துல வேகவச்சுக் காயப்போடுவாங்களே, அந்த அட்டைதான் இது" என்றார். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரைத்தான் சொன்னார். கடலடியில் வாழும் கடல் அட்டையேதான். மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு காலத்தில் கப்பலேறி வெளிநாடு போன சரக்கு. 2001-இல் இந்தியாவில் அதைப் பிடிக்கத் தடை வந்தது. சிறு வயதில் கடற்கரையில் காயக் கண்ட பொருள் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை, அம்மா இத்தனை வருடம் கழித்து நேரில் பார்த்தார். விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் எங்களை அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போயிருக்க மாட்டார்.

அடுத்தது, நார்த் பாயிண்ட் என்று முகப்புப் பலகை போட்ட வண்டி. இது கடைசியில் சுன் யங் தெருவுக்குள் நுழைகிறது. தெருவே சந்தை. தண்டவாளத்தின் இரு பக்கமும் பழக்கூடை, கீரைக்கட்டு, சிவப்பு விளக்கின் கீழே தொங்கும் இறைச்சி. தண்டவாளத்தின் மேலேயே சனங்கள் பையோடு நடக்கிறார்கள். டிரைவர் இரண்டு முறை மணி அடித்ததும் அவசரமே இல்லாமல் ஒதுங்குகிறார்கள், வண்டி நகர்ந்ததும் பின்னாலேயே மறுபடி நிறைகிறார்கள். "அம்மாச்சி, பஸ் கடைக்குள்ள போகுது!" என்று பையன் கத்தியதில் பக்கத்து இருக்கைப் பாட்டிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சரி, குறைகளும் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் ஏ.சி. கிடையாது. மே முதல் செப்டம்பர் வரை மாடியில் புழுக்கம் தாங்காது. நவம்பர், டிசம்பர் அருமை. மாடிப்படி குறுகல், வளைந்து ஏறும். வண்டி நின்றிருக்கும்போதே பெரியவர்களைக் கைப்பிடித்து ஏற்றிவிடுங்கள், இறங்குவதற்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே எழுந்துகொள்ளச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியோடு ஏறவே முடியாது. குழந்தை வண்டியை மடித்துத்தான் ஏற்ற வேண்டும். வேகமும் குறைவு, அவசரமென்றால் மெட்ரோதான். ஹாப்பி வேலி என்று பலகை இருந்தால் அது குதிரைப் பந்தய மைதானத்தைச் சுற்றும் தனித் தடம், பார்த்து ஏறுங்கள்.

ஆபீஸ் கூட்டம் கலைந்தபின், காலை பத்து மணிக்கு மேல் ஷெங் வானில் ஏறி, நார்த் பாயிண்ட் வரை போய், சந்தையில் பழம் வாங்குங்கள். கடலுக்கு அக்கரையில், கவ்லூன் பக்கம் தங்கியிருந்தால், சந்தையிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் படகுத்துறை. கவ்லூனிலுள்ள ஹங் ஹாமுக்குப் படகு இருக்கிறது, அதற்கும் அதே கார்டுதான்.