அட்டவணையா, வாக்கியமா?

உயர்தரத்துக்கு பிரெஞ்சு எடுத்த அக்கா மகளும், எல்ல என்ற மலையூரில் பயணிகளுக்கு வழிகாட்டும் தம்பியும் ஒரே கேள்வி கேட்டார்கள்: பிரெஞ்சில் இரண்டு சின்னச் சொற்கள் ஒட்டி ஒன்றாகும் இந்த "ஓ", "த்யூ" எல்லாம் எப்படிப் பிடிபடும்? அட்டவணையாக மனப்பாடம் செய்வதா, வாக்கியமாகச் சொல்லிப் பழகுவதா?

நேரம்
அட்டவணை: ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் முடியும். "ஆ" என்றால் -க்கு, -இல்; "து" என்றால் -இன், -இலிருந்து; "லு" (ஆண்பால் ஒருமை), "லா" (பெண்பால் ஒருமை), "லே" (பன்மை) மூன்றும் ஆங்கில "the" மாதிரி. ஆ + லு = ஓ, ஆ + லே = ஓ, து + லு = த்யூ, து + லே = தே. பெண்பால் "லா" சேராது, உயிரொலிக்கு முன் சுருங்கும் "ல்" சேராது. அவ்வளவுதான்.
வாக்கியம்: வாரக்கணக்கு.

பேச்சு
அட்டவணை: மனசுக்குள் கூட்டிப் பார்ப்பதற்குள் பயணி ரயில் ஏறிவிடுவார்.
வாக்கியம்: "ஓ மார்ஷே" (சந்தைக்கு), "ஆ லா கார்" (ஸ்டேஷனுக்கு), "ஓ ஸ்ரீலங்கா" (இலங்கையில்) என்று முழுசாகச் சொல்லிப் பழகினால் தானாக வரும். "மரங்கள்" என்பதை மரம், கள் என்று கூட்டியா பேசுகிறோம்?

எழுத்து
ஒருமை "ஓ", பன்மை "ஓ" இரண்டும் பெரும்பாலும் காதுக்கு ஒன்றுதான். எழுதும்போது பன்மையில் கடைசி எழுத்து எக்ஸ். காதால் மட்டும் படித்த தம்பி அதைக் கோட்டைவிட்டான், அட்டவணை படித்த அக்கா மகள் விடவில்லை.

பரீட்சைக்கு அட்டவணை, எல்ல பக்கம் வேலைக்கு வாக்கியம். தம்பிக்கு மட்டும் அந்த எக்ஸுக்காக அட்டவணையை ஃபோனில் அனுப்பிவைத்தேன்.